கட்டிய கணவனுக்கே தெரியாமல் போகுமா? ‘ஃபீனிக்ஸ்’ பார்த்தவர்களின் அனுபவப் பகிர்வு

மூன்றாம் வரிசை

படம் பார்த்தவர்கள்தாம் இந்த இழைக்கு வருவீர்கள் என்பதால் கதையை விரிக்கவில்லை. கிறிஸ்டியான் பெட்சோல்ட் 2014இல் எடுத்த படம். போர் முடிந்த 1945இன் பெர்லின். வதைமுகாமிலிருந்து சிதைந்த முகத்தோடு திரும்பி, அறுவை மருத்துவத்தால் வேறொரு முகம் பெறும் யூதப் பாடகி நெலி. அவளை யாரோ என்று எண்ணி, “இறந்துபோன என் மனைவியாக நடி, அவள் சொத்தை வாங்கிக்கொள்ளலாம்” என்று அழைக்கும் யூதரல்லாத கணவன் ஜானி.

பலரும் நெலி பாட, ஜானி பியானோ வாசிக்கும் இறுதிப் பாடலைச் சொல்வார்கள். எனக்கு உறுத்திக்கொண்டே இருப்பது கையெழுத்துக் காட்சி. மனைவி எப்போதோ எழுதிவைத்த பட்டியலைக் கொடுத்து, அதே போல எழுதிப் பழகு என்கிறான். அவள் எழுதுகிறாள்; ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. ஜானி அந்தத் தாளைப் பார்க்கிறான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று ஏறி, உடனே இறங்கிவிடுகிறது. எனக்கு முன்னால் அமர்ந்திருந்த பெரியவர் “அடப்பாவி” என்று வாய்விட்டே சொன்னார். அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் கணத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டதா, இல்லையா? பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

தாமிரபரணிக்காரன்

தெரியவில்லை என்றால் அவன் மடையன், தெரிந்தது என்றால் கதையே இல்லை. இதுதான் என் அனுபவம். வீட்டில் இரவு உணவுக்குப் பின் போட்டோம். அவள் தன் பெயர் எஸ்தர் என்று ஒரு யூதப் பெயரைச் சொல்ல, அந்தப் பெயரில் இனி அதிகம் பேர் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்று அவன் போகிற போக்கில் சொல்லும் இடத்தில் எனக்கு உடல் சிலிர்த்தது உண்மைதான். ஆனால் அதன் பிறகு படத்தை நம்ப முடியவில்லை.

முகம் மாறலாம், குரல் மாறுமா? நடை மாறுமா? என் தந்தை தெருமுனையில் இருமினாலே என் தாயார் அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிடுவார். அத்தனை காலம் கூடப் பாடியவளுக்குப் பியானோ வாசித்தவன் குரலை மறந்தான் என்பதை எந்த நாட்டுக் கணவனை வைத்தும் நான் ஏற்கமாட்டேன். கையெழுத்தும் ஒத்துப்போகிறது, அவன் கொண்டுவரும் காலணியும் காலுக்குப் பொருந்துகிறது, அப்போதும் ஐயம் வரவில்லை என்றால், அது பாத்திரத்தின் குருட்டுத்தனம் அன்று, இயக்குநரின் பிடிவாதம். மூன்றாம் வரிசையார் கண்ட அந்த முகமாற்றம் நல்ல நடிகர் ஒருவர் திரைக்கதையின் ஓட்டையை அடைக்கச் செய்த முயற்சி, அவ்வளவே. நான் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுப் படுக்கப் போனேன்.

எல்பக்கரை

ஜெர்மனியில் வசிப்பவள் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கீழ்வீட்டு மூதாட்டியோடு சேர்ந்து பார்த்தேன். போர் முடியும்போது அவர் சிறுமி. சிவப்பு உடையும் பாரிஸ் காலணியுமாக நெலி ரயிலிலிருந்து இறங்க, பழைய நண்பர்கள் அவளைக் கட்டியணைக்கும் காட்சியில் அவர் எழுந்து நின்றுவிட்டார். “ஒருவர்கூட எதையும் கேட்கவில்லை, பார்த்தாயா? எங்கள் வீட்டிலும் இப்படித்தான் யாரும் கேட்கமாட்டார்கள்” என்றார். அதன் பின் வெகுநேரம் பேசவில்லை.

முகாமிலிருந்து வருபவள் இந்தக் கோலத்தில் வரமாட்டாளே என்று நெலி முன்பே ஜானியிடம் சொல்கிறாள். முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களின் உடைகளைப் பிரித்து அவற்றில் பணம் தேட வைத்ததை அவள் விவரிக்கும்போது, இதை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்கிறான். படித்தேன் என்று அவளும் விட்டுவிடுகிறாள். ஆகவே தாமிரபரணிக்காரர் கேட்கும் “குரலை மறப்பானா” என்பது சரியான கேள்வியாக எனக்குப் படவில்லை. அவளை அடையாளம் கண்டுவிட்டால், தான் செய்ததையும் அவன் கண்டாக வேண்டும்.

அவன் செய்தது என்ன என்பதற்குச் சட்டப் பின்னணி தெரிந்திருக்க வேண்டும். 1935இல் நாஜிகள் இயற்றிய நியூரம்பெர்க் சட்டங்கள் யூதரும் மற்றவரும் புதிதாக மணம் புரிவதைத் தடுத்தன; ஏற்கெனவே நடந்த திருமணங்கள் நீடித்தன. யூதரல்லாத துணை உடனிருந்தவரை, நாடுகடத்தலிலிருந்து பெரும்பாலும் ஒரு பாதுகாப்பு இருந்தது. டிரெஸ்டனில் யூதப் பேராசிரியர் விக்டர் கிளெம்பெரர் தப்பியது யூதரல்லாத மனைவி ஏவா அவரைக் கைவிட மறுத்ததால்தான். 1943இல் பெர்லினின் ரோசன்ஸ்ட்ராச தெருவில் யூதரல்லாத மனைவிமார் நின்று குரலெழுப்பினர். அங்கே அடைக்கப்பட்டிருந்த யூதக் கணவர்கள் வெளியே வந்தனர். மணமுறிவு அந்தப் பாதுகாப்பை அறுக்கும் கத்தி. கைதுக்கு முன்பே ஜானி மணமுறிவு பெற்றிருந்தான் என்ற தாள் நெலியின் கைக்கு வரும்போது, மூதாட்டி என் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டார்.

பழைய படச்சுருள்

நான் இதை ஊருக்குப் போகும் பேருந்தில் கைப்பேசியில் பார்த்தேன். இறுதிப் பாட்டு ஓடும்போது நடத்துநர் சீட்டுக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் அனுபவம் இவ்வளவுதான்.

ஆனால் இந்தப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு விவாதிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலில் ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பைண்டரின் ‘மரியா பிரவுனின் திருமணம்’ பாருங்கள். ஹன்னா ஷிகுல்லா நடித்தது. குண்டு விழும்போது நடக்கும் திருமணத்தில் தொடங்கி, 1954 உலகக் கோப்பை இறுதிப்போட்டியின் வானொலி வர்ணனையில் முடிகிறது; மேற்கு ஜெர்மனி ஹங்கேரியை 3–2 என்று வென்ற அந்த ஆட்டம்தான். அங்கே கணவனுக்காகக் காத்திருக்கும் காதல் மெல்ல மெல்லக் கணக்குப் புத்தகமாகிறது. நெலியின் கதை 1945இலேயே நின்றுவிடுகிறது. 1948 ஜூனில் நாணயத்தை மாற்றி ஆளுக்கு 40 புதிய மார்க் கொடுத்துத் தொடங்கிய வாழ்வில் ஜானி போன்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதை மரியாவைப் பார்த்தால் ஊகிக்கலாம். அதன் பின் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ பாருங்கள். ஒருத்தியை இறந்துபோன இன்னொருத்தியாக அலங்கரிக்கும் ஆணை அதில் அவன் பக்கமிருந்து பார்க்கிறோம், பெட்சோல்ட் அவள் பக்கம் போய் நிற்கிறார். கைப்பேசியில் பார்க்காதீர்கள். காதுக் கருவி நல்லதாக இருக்கட்டும். உணவு நேரத்தில் போடாதீர்கள். இறுதிப் பாடலுக்கு இசையமைத்தவர் யார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள்: இசை குர்ட் வைல், 1933இல் ஜெர்மனியை விட்டு ஓடிய யூதர், பாடல் 1943இல் அமெரிக்காவில் ஓர் இசைநாடகத்துக்காகப் பிறந்தது. நாடு துரத்திய ஒருவரின் பாட்டை நெலி அங்கே திரும்பி வந்து பாடுகிறாள்.

கயல்

யாரும் கேட்காத பட்டியலுக்கு நன்றி, ஐயா. இத்தனை பேர் எழுதியும் நெலியின் தோழி லேனேயின் பெயரை ஒருவரும் சொல்லவில்லையே. நெலியைக் காரில் எல்லை தாண்டிக் கொண்டுவந்தவள் அவள். பாலஸ்தீனத்தின் ஹைஃபாவில் இருவருக்கும் வீடு பார்த்து வைத்தவள் அவள். பழைய நண்பர் குழுவின் புகைப்படத்தைக் காட்டி இறந்தவர் யார், நாஜியாக இருந்தவர் யார் என்று அவள் சொல்லும் இடம்தான் என்னை விடவில்லை. நெலி அந்தப் படத்தில் தேடியதோ தன் முகத்தை. உண்மையில் அவளைக் காதலித்தது லேனேதான் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது; அதைப் படம் வாய்திறந்து சொல்வதே இல்லை. ஜானிக்கு அவளைத் தெரிந்ததா என்று ஆண்கள் அடித்துக்கொள்வதில், இருந்தபடியே அவளைத் தெரிந்திருந்த ஒருத்தி துப்பாக்கியால் தன்னை முடித்துக்கொண்டது கணக்கில் வராமல் போகிறது.

தாமிரபரணிக்காரன்

நான் பேசியது திரைக்கதையின் நம்பகத்தன்மையை. வரலாற்றையோ லேனேயையோ நான் மறுக்கவில்லை. குரல் பற்றிய என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.

எல்பக்கரை

விடை படத்திலேயே இருக்கிறது, அண்ணா. பியானோவில் அவன் விரல்கள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். முகாமில் அவள் கையில் பச்சை குத்திய எண்ணை அவன் பார்ப்பதற்கு முன்பே, அவள் குரல் மேலேறும்போதே தடுமாற்றம் தொடங்கிவிடுவதாக எனக்குத் தெரிந்தது. நீங்கள்தான் கையெழுத்தோடு நிறுத்திவிட்டுப் படுக்கப் போய்விட்டீர்களே.