வலைக்கு ஏன் ‘மடி’ என்று பெயர்?

சொல்வேட்டையன்:
கரைமடி, சுருக்குமடி, இரட்டைமடி, இழுவைமடி. ‘வலை’ என்ற சொல் இருக்கும்போது இந்த மடி எதற்கு? என் கணிப்பு, பசுவின் மடிதான். பால் கட்டி மடி தொங்குவதுபோல மீன் நிறைந்து வலை தொங்குகிறது. கடலைத் தாயென்று கும்பிடுகிறவர்கள் வேறு எப்படிப் பெயர் வைப்பார்கள்?

கரையோரத்தான்:
அண்ணே, கேட்க நல்லாத்தான் இருக்கு. கரைவலை இழுக்கிற இடத்தில் ஒருநாள் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் நீளக் கயிறு, அப்புறம் பெரிய கண்ணி வலை, நடுவில் வரவரக் கண்ணி சிறுத்து ஒரு பை. அந்தப் பைதான் மடி. கரையேறியதும் அதன் வால் முடிச்சை அவிழ்த்தால் நெத்திலியும் சாளையும் மணலில் கொட்டும். இதில் பால் கறக்கிற சாயல் எங்கே இருக்கிறது? வேட்டி மடியில் முடிந்த காசை அவிழ்த்துக் கொட்டுகிற சாயல்தான் இருக்கிறது. ‘மடியில் கனம்’ என்கிறோமே, அந்த மடி.

சொல்வேட்டையன்:
இரண்டும் உவமைதானே தம்பி. உங்களுடையதற்கு மட்டும் ஆதாரம் உண்டா?

அகராதிப்பித்தன்:
மலையாளத்தைப் பாருங்கள். திருவனந்தபுரம் கரையிலும் ‘கரமடி’தான். அங்கே மடி என்றால் இடுப்புத்துணி மடிப்பு, குழந்தையை வைத்துக்கொள்ளும் மடி. பசுவுக்கு இருப்பது ‘அகிடு’. பசுவை விட்டுவிட்டு வலைக்கு மட்டும் அந்தப் பெயரை வைப்பார்களா?

சொல்வேட்டையன்:
இங்கிருந்து போன சொல்லாக இருக்கலாமே! சரி, இரட்டைமடிக்கு வாருங்கள். இரண்டு விசைப்படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கின்றன. அதில் எங்கே இரண்டு பை?

கரையோரத்தான்:
அங்கே மடி என்பது வலைக்கே பெயராகிவிட்டது. படகு இரண்டு, அதனால் இரட்டை. சுருக்குமடியிலும் தனியாக வால்பை கிடையாது. மீன் கூட்டத்தைச் சுற்றி வலையை விட்டு, அடியில் வளையங்களுக்குள் ஓடும் கயிற்றை இழுத்தால் ஆச்சியின் சுருக்குப்பை மாதிரி அடிவாய் மூடிக்கொள்ளும். 2000-இல் தமிழ்நாடு அரசு தடை செய்ததும், 2023-இல் உச்ச நீதிமன்றம் திங்கள், வியாழன் மட்டும் என்று இடைக்கால அனுமதி கொடுத்ததும் இந்த வலைக்குத்தான்.

வம்பன்:
வள்ளுவர் 61-ஆவது அதிகாரத்துக்கே ‘மடி இன்மை’ என்று பெயர் வைத்துவிட்டார். தடை அப்போதே வந்தாச்சு.

சொல்வேட்டையன்:
அது சோம்பல், வம்பா. அகிடு கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. சுருக்குப்பையை ஒப்புக்கொள்கிறேன்; கரைமடியில் கட்டிய பசுவை மட்டும் நான் இன்னும் அவிழ்த்துவிடவில்லை.