என்எம்டிஏ ஏற்பி உள்ள செல்கள் இறந்துகொண்டே இருக்கின்றன, உதவுங்கள்

வணக்கம். செல் வளர்ப்பில் அனுபவமுள்ளவர்களிடம் ஒரு கேள்வி.

என்எம்டிஏ ஏற்பி என்பது குளுட்டமேட்டும் கிளைசினும் ஒட்டினால் திறக்கும், நரம்புச் செல்பரப்பிலுள்ள புரதத் துளை. அதன் குளுஎன்1, குளுஎன்2பி துணையலகுகளின் (ஏற்பியை உருவாக்கும் புரதங்கள்) மரபணுக்களை ஹெச்இகே 293 செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்வகை) நிலையாகச் சேர்த்திருக்கிறோம். மரபணுவை இயக்கும் சுவிட்சாகப் பயன்படும் டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்தால்தான் ஏற்பி உருவாகும். கொடுத்த மறுநாளே ஏராளமான செல்கள் தட்டிலிருந்து கழன்று மிதக்கின்றன. காரணம் புரிகிறது: வளர்ப்பு ஊடகத்திலும் அதில் சேர்க்கும் சீரத்திலும் (இரத்த நிணநீர்) குளுட்டமேட்டும் கிளைசினும் இருப்பதால் ஏற்பி ஓயாமல் திறந்து கால்சியத்தை உள்ளே விடுகிறது. பக்கவாதத்தில் நரம்புச் செல்களைக் கொல்வதும் இதேதான்.

ஏற்பியை அடைக்கும் கெட்டமைன் என்ற மருந்தைச் சேர்த்தால் பிழைக்கின்றன. ஆனால் அது ஏற்பியின் துளைக்குள்ளேயே சிக்கிக்கொள்வதால், கால்சியம் அளவீட்டுக்கு முன் எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போவதில்லை. ஏபி5 என்ற இன்னொரு தடுப்பி எளிதில் கழுவப்படும். ஆனால் அது ஏற்பியில் ஒட்டும் இடத்துக்காகக் குளுட்டமேட்டோடு போட்டியிடுவது. இரவு முழுதும் தாக்குப்பிடிக்குமா? என்ன செறிவில் பயன்படுத்துகிறீர்கள்? இரண்டையும் சேர்த்துப் போட்டவர்கள் உண்டா?

இன்னொன்று: டாக்ஸிசைக்ளின் இல்லாமலே சிறிது ஏற்பி கசிகிறது. சீரத்தில் எஞ்சியிருக்கும் டெட்ராசைக்ளினும் (டாக்ஸிசைக்ளினின் இனம்) அதே சுவிட்சை இயக்கலாம் என்பதால், டெட்ராசைக்ளின் நீக்கிய சீரத்துக்கு மாறியவர்களுக்குப் பலன் கிடைத்ததா?

தன்னெதிர்ப்பு மூளையழற்சி (உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மூளையைத் தாக்கும் நோய்) நோயாளிகளின் எதிர்ப்பான்கள் குளுஎன்1-இல் ஒட்டி, ஏற்பியைச் செல்பரப்பிலிருந்து எப்படி உள்ளிழுக்கின்றன என்று பார்க்கவே இந்தச் செல்கள். இறந்த செல்களில் எதிர்ப்பான் கண்டபடி ஒட்டுவதால் எந்த முடிவையும் நம்ப முடியவில்லை. உங்கள் செய்முறையை விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.