ஒரே வார்டில் மூன்று கோவெண்டர்: மருந்துப் பிழைக்கு வேர் தேடுவது எப்படி?

சாட்ஸ்வொர்த், வார்டு சிஸ்டர்:
தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து ஆஸ்பத்திரி வார்டுகளில் கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்று ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். ஒருவரின் மாத்திரை பக்கத்துக் கட்டிலுக்குப் போனால் ‘கவனக்குறைவு’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அது காரணமல்ல, திட்டு. புது சிஸ்டர்களை ‘ஏன்’ என்று விடாமல் கேட்க வைக்க வேண்டும். ஏன் ஆள் மாறியது? “மிஸஸ் கோவெண்டரா?” என்றதும் காது மந்தமான பாட்டி தலையாட்டினார். பெயர் எழுதிய கைப்பட்டையைப் பார்க்கவில்லையா? பட்டையே இல்லை, ஊசி போட வெட்டியிருந்தார்கள். ஏன் புதிது கட்டவில்லை? அது யார் வேலை என்று எங்கும் எழுதவில்லை. மாற்றக்கூடிய இடம் இதுதான்: வெட்டியவரே, கட்டிலைவிட்டு நகருமுன் புதிது கட்ட வேண்டும். பெயரை நாம் சொல்லாமல் நோயாளியையே சொல்லச் சொல்லுங்கள். 13 இலக்க அடையாள எண்ணையும் ஒப்பிடுங்கள். முதல் 6 இலக்கமும் பிறந்த தேதி என்பதால் வாய்மொழியாகவும் சரிபார்க்கலாம்.

பீனிக்ஸ், மருந்தாளுநர்:
அக்கா சொன்னதோடு, நம் நாட்டில் தசமப் புள்ளிக்குப் பதில் போடும் காற்புள்ளியையும் சேருங்கள். 2,5 மி.கி.யில் அந்தக் கோடு மங்கினால் 25. ‘5,0’ என்று எழுதினால் 50 ஆகும், வெறும் 5 போதும். இன்சுலினுக்கு ‘10U’ என்று எழுதினால் அவசரத்தில் U-வைச் சுழியமாக எடுத்து 100 என்று படித்துவிடுவார்கள், ‘யூனிட்’ என்று முழுதாக எழுத வேண்டும். வழக்கமான இன்சுலினில் 1 மி.லி.க்கு 100 யூனிட். பத்து யூனிட் என்பது வெறும் 0,1 மி.லி., அதை 2 மி.லி. சிரிஞ்சில் துல்லியமாக அளக்க முடியாது. ‘ஏன் அதில் எடுத்தார்?’ என்று கேட்டுப் பாருங்கள், இன்சுலின் சிரிஞ்சு தீர்ந்துபோயிருக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், பயிற்றுநர்:
இருப்பதிலேயே பயங்கரம் பொட்டாசியம் குளோரைடு. 15 சதவீத, 10 மி.லி. ஆம்பூலில் (ஊசி மருந்துள்ள சிறு குப்பி) 20 மில்லிமோல், பார்வைக்குத் தண்ணீர் ஆம்பூல் மாதிரி. கலக்காமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ட்ரிப் பையில் சேர்த்தாலும் கனமான கரைசல் அடியில் தங்கி முதலில் அதுவே இறங்கும். தொங்கும் பையில் ஊசி குத்தக் கூடாது, இறக்கிச் சேர்த்து, பலமுறை தலைகீழாகப் புரட்டி, லேபிள் ஒட்டிய பிறகே மாட்ட வேண்டும். அளவைச் சரிபார்க்க வரும் இரண்டாவது சிஸ்டரிடம் விடையைச் சொல்லிவிட்டு “சரிதானே?” என்றால் அது சரிபார்ப்பே இல்லை. அவர் தனியாகக் கணக்குப் போட வேண்டும். பாடத்துக்குப் பலகை வேண்டாம். இரண்டு ஆம்பூலையும் ஒரே தட்டில் வைத்து, இரவு ஷிப்ட் அளவுக்கு விளக்கைக் குறைத்து, எது எது என்று கேளுங்கள்.