புதுப்பிப்பு: பழைய வாஷிங் மெஷினை மாத்தியாச்சு

14 வருஷப் பழைய ஃப்ரன்ட் லோடை (முன்பக்கக் கதவு மெஷின்) மாத்தினா கரன்ட் பில் குறையுமான்னு முன்னாடி இங்கே கேட்டிருந்தேன்ல? மாத்திட்டேன். ரெண்டு மாசக் கணக்கு 528 யூனிட்லேர்ந்து 487க்கு வந்திருக்கு. தமிழ்நாட்டுல 500 தாண்டினா ஸ்லாப்பே (யூனிட்டுக்கான கட்டண அடுக்கு) மாறிடுமே, அதனால இந்த 41 யூனிட் ரூபாய்ல நல்லாவே தெரியுது.

ஆனா கரன்ட்டைக் குடிச்சது மோட்டார் இல்லைங்க, உள்ளே தண்ணியைச் சூடாக்குற ஹீட்டர். பழசைக் கழட்டுறதுக்கு முன்னாடி பிளக்ல மீட்டர் மாட்டிப் பார்த்தேன். பச்சைத் தண்ணின்னு வச்சாலும் ஒரு தடவைக்கு 1.1 யூனிட். கண்ணாடிக் கதவைத் தொட்டா சுடுது! புதுசுல அதே துணிக்கு 0.15தான். இதுலயும் 60 டிகிரி வச்சா ஒரு யூனிட்டை நெருங்குது, அதனால பெட்ஷீட்டுக்கு மட்டும் சூடு.

'தண்ணிச் சூட்டை அளக்குற சென்சாரை மட்டும் மாத்திப் பாருங்க'ன்னு அப்பவே இங்கே சொன்ன அண்ணன், கேக்காம மெஷினையே மாத்தினதுக்கு மன்னிக்கணும். பழசுல டிரம்மைச் சுத்த விடுற பேரிங் வேற லாரி மாதிரி உறுமிச்சு, வீட்டுல பொறுக்கல.