பெரிய வியாழனும் பேன்ட்ரி நாளும் ஒன்றாக வந்தால் என்ன செய்வீர்கள்?

பாளைப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நம் சி.எஸ்.ஐ. ஆராதனைக்குப் போக இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு எபிஸ்கோப்பல் (அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபை) கோயில் இருக்கிறது. வாசலில் ‘எபிஸ்கோப்பல் சபை உங்களை வரவேற்கிறது’ என்று ஒரு பலகை. சரி, கூப்பிடுகிறார்களே என்று போனேன். ரெக்டர் (சபைக் குருவானவர்) ஒரு அம்மா. ஊரில் பிஷப் கையால் திடப்படுத்தல் வாங்கியதே போதும், ஊர்ச் சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தால் சரி என்று சேர்த்துக்கொண்டார். ஞாயிறு காலையில் நாற்பது பேர் வந்தால் அது பெரிய கூட்டம்.

வியாழன்தோறும் சாயந்தரம் 4 முதல் 6 வரை கோயில் ஹாலில் ஃபுட் பேன்ட்ரி (இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுப்பது) நடக்கிறது. கிட்டத்தட்ட அறுபது குடும்பம் வரும். நான் பெட்டி தூக்குகிற ஆள். இந்த வருடம் பெரிய வியாழன் (பெரிய வெள்ளிக்கு முந்தின நாள்) ஏப்ரல் 2. அன்று 6 மணிக்கு அதே ஹாலில் சபையாருக்கு எளிய விருந்து, 7 மணிக்கு ஆராதனை, இயேசு சீஷர்களுக்குச் செய்ததை நினைத்துக் கால் கழுவுதல். வெஸ்ட்ரியில் (கோயில் நிர்வாகக் குழு, நம் சேகரக் கமிட்டி மாதிரி) இரண்டு கட்சி. அந்த ஒரு வாரம் பேன்ட்ரியை மூடிவிடலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். இன்னொரு பாதி, பேன்ட்ரிக்கு வருகிறவர்களையே கூப்பிட்டு உட்கார வைத்துக் கால் கழுவுவோம், அதுதான் உண்மையான பெரிய வியாழன் என்கிறது. அடுத்த வாரம் என்னையும் கேட்பார்கள். என் மனசு இரண்டாவது பக்கம் சாய்கிறது.

ஊரில் ஒரு தடவை அப்பாவைப் பன்னிரண்டு பேரில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தார்கள். முந்தின ராத்திரி முழுக்கப் படிக்கல்லில் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐயர் (ஊர்க் குருவானவர்) கழுவும்போது அழுக்கே இருக்கக் கூடாதாம்! அதுவும் ஞாபகம் வருகிறது. உங்கள் கோயில்களில் எப்படிச் செய்கிறீர்கள்?

டல்லாஸ்காரன்:

தம்பி, ஒரு வாரம்தானே. இரண்டு வாரம் முன்னாடியே சொல்லிவிட்டு மூடுங்கள். வாலன்டியர்களும் மனிதர்கள்தான். பரிசுத்த வாரத்தில் அவர்களும் கொஞ்சம் உட்கார்ந்து ஜெபிக்க வேண்டாமா? எல்லா வேலையையும் ஒரே நாளில் இழுத்துப் போட்டுக்கொண்டால் எதுவும் உருப்படியாக நடக்காது.

நாசரேத்து அக்கா:

தம்பி, மூடாதீர்கள். அவர்களைக் கால் கழுவவும் கூப்பிடாதீர்கள். இரண்டையும் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்ட கோயிலிலிருந்து எழுதுகிறேன்.

நான் இருப்பது நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் ஒரு ஊர். நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பத்தொன்பது வருடமாக ஆல்டர் கில்டில் இருக்கிறேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சனிக்கிழமை காலையில் வந்து பாத்திரம் துலக்கி, பீடத்துத் துணி மாற்றி, அப்பம் எண்ணி வைக்கிறவர்கள்தான் ஆல்டர் கில்டு. எங்கள் கோயிலில் நாலு கிழவிகளும், தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தாவும். நான் எஸ்.பி.ஜி. (சடங்குக்கு இடம் கொடுத்த பழைய மிஷன்) ஊர்க்காரி, அதனால் இந்தத் துணியும் மெழுகுவர்த்தியும் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் மெஞ்ஞானபுரம் பக்கம், சி.எம்.எஸ். (சடங்கைக் குறைத்த மிஷன்) வம்சம். தூபம் போட்டால் இன்றைக்கும் தும்முவார். புகையால் வருகிற தும்மலா, கொள்கையால் வருகிறதா என்று முப்பது வருடமாகத் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு வருடம் மூடினோம். கதவில் ஒரு தாள் ஒட்டினோம், ஆங்கிலத்தில் மட்டும். எங்கள் பேன்ட்ரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். சாயந்தரம் இஸ்திரி போட்ட வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு நான் போனபோது தாழ்வாரத்தில் பதினோரு பேர் நிற்கிறார்கள். தூறல். இரண்டு தள்ளுவண்டிகளில் குழந்தைகள். உள்ளே எங்கள் விருந்துக்கு சூப் கொதிக்கிற வாசம் கதவிடுக்கு வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த வாசம் இன்றும் மறக்கவில்லை. கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தோம். ரொட்டி, சீஸ், காய்ந்த அத்திப்பழம் எல்லாம் போனது. ஆலிவை மட்டும் யாரும் தொடவில்லை.

டல்லாஸ் தம்பி சொல்கிற ‘ஒரு வாரம்தானே’ இங்கேதான் இடிக்கிறது. எங்கள் பக்கம் பெரிய வெள்ளிக்குப் பள்ளிக்கூடம் லீவு, சில வருடம் அந்த வாரமே லீவு. பள்ளியில் மதியம் சாப்பிடுகிற பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். மற்ற வாரங்களைவிட அந்த வாரம்தான் அரிசியும் பாலும் அதிகம் தேவைப்படும்.

அடுத்த வருடம் குற்ற உணர்ச்சியில் நேர் எதிர்ப்பக்கம் ஓடினோம். நீங்கள் சொல்கிற அதே யோசனைதான். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி, நாலு குடம், வெள்ளைத் துவாலை. பேன்ட்ரிக்கு வந்த எல்லோரையும் அன்பாகக் கூப்பிட்டோம். வந்தது இரண்டே பேர். ஒரு அம்மா காலுறையைக் கழற்ற மாட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். இன்னொருவர் வயதானவர், மரியாதைக்காக உட்கார்ந்தார். சாக்ஸை இழுத்ததும் பார்த்தேன். சர்க்கரை நோய்ப் புண், பெருவிரலுக்குக் கீழே. கட்டு நழுவி இருந்தது. நர்ஸ் கண்ணுக்கு அது ஒரு நொடியில் தெரியும், அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டதும் தெரியும். கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. செய்தி மடலுக்கென்று ஒருவர் போட்டோ வேறு எடுத்தார். பெரியவர் அதற்கப்புறம் இரண்டு மாதம் பேன்ட்ரி பக்கமே வரவில்லை. ஒரு டப்பா பீன்ஸுக்காக ஊர் பார்க்கக் காலை நீட்ட வேண்டியதாயிற்று என்று அவர் நினைத்திருந்தால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பேதுருவே முதலில் முடியாது என்றுதான் சொன்னார். அவராவது கூடப் பழகினவர்கள் நடுவில் இருந்தார்.

இந்தச் சபையின் 1979 ஜெபப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பெரிய வியாழன் முறையில் கால் கழுவுதல் கட்டாயம் கிடையாது. செய்வதானால் சுவிசேஷமும் பிரசங்கமும் முடிந்தபின் செய்யலாம் என்றுதான் இருக்கிறது. சபையார் ஒருவருக்கொருவர் கழுவிக்கொள்ளட்டும். அவர்களே முந்தின நாள் பார்லருக்குப் போய் நகத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டுதான் வருகிறார்கள். உங்கள் அப்பா படிக்கல்லோடு நிறுத்தினார், தேவலை.

இப்போது எங்கள் வழக்கம் இது. பெரிய வியாழனுக்கு மட்டும் பேன்ட்ரியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி 3 முதல் 5 வரை வைக்கிறோம். மூன்று வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு பைக்குள்ளும் இரண்டு மொழியிலும் ஒரு துண்டுச் சீட்டு. சூப்பை 6 மணிக்கென்று மூடி வைப்பதில்லை, 3 மணிக்கே அடுப்பில் ஏறிவிடும். பேன்ட்ரிக்கு வருகிறவருக்கும் ஒரு கிண்ணம், எனக்கும் ஒரு கிண்ணம். 5 மணிக்கு மேஜையை மடக்குவதில்லை, டப்பாக்களை மட்டும் எடுத்துவிட்டு அதே மேஜையில் துணி விரிக்கிறோம். யாரையும் எழுப்புவதும் இல்லை, இருங்கள் என்று வற்புறுத்துவதும் இல்லை. நம் ஊர்க் கோயில் அசன விருந்து மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன், பந்தியில் உட்கார்ந்தவனிடம் யார் எவர் என்று கேட்பதில்லை. கறிதான் கிடையாது. போன வருடம் ஏழு பேர் 6 மணி தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் படியேறி ஆராதனைக்கும் வந்தார்கள். கடைசியில் 22ஆம் சங்கீதம் வாசிக்க, நாங்கள் பீடத்தில் இருக்கிற ஒவ்வொன்றையும் எடுத்து வெறுமையாக்குவோம். விளக்கும் ஒவ்வொன்றாக அணையும். அதில் ஒருவர் எழுந்து வந்து, கேட்காமலே, மெழுகுவர்த்தித் தண்டின் மறுமுனையைப் பிடித்தார். அது கனம். தபால்காரத் தாத்தாவுக்கு அன்று முதுகுவலி.

இன்னொன்று. அந்த வாரம் உணவை மட்டும் அடுக்காதீர்கள். ஃபுட் ஸ்டாம்ப்பில் (அரசாங்கம் தருகிற உணவு உதவி) சோப்பு வாங்க முடியாது, டயாப்பர் வாங்க முடியாது, கழிவறைக் காகிதம் வாங்க முடியாது. எங்களிடம் முதலில் தீருவது டயாப்பர்தான். பணத்துக்கு ரெக்டரம்மாவைக் கேளுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்தில் விழுகிற பொதுக் காணிக்கை ஏழைகளுக்கென்று குருவானவர் கையில் போக வேண்டும் என்று இவர்கள் சபைச் சட்டமே சொல்கிறது. பல கோயில்களில் அந்த நிதி இருப்பது சபையாருக்கே தெரியாது.

உங்கள் கோயிலில் நீல அட்டைப் பெட்டி கொடுத்தார்களா? வீட்டில் வைத்து, நன்றி தோன்றும்போதெல்லாம் சில்லறை போடுகிற பெட்டி. 1889இல் இந்தச் சபைப் பெண்கள் ஆரம்பித்த காணிக்கை, முதல் வசூலிலேயே அலாஸ்காவில் அன்விக் என்ற ஊரில் ஒரு கோயில் கட்ட உதவினார்கள். அதை முதலில் கையில் வாங்கியபோது எனக்கு என் பாட்டியின் பிடி அரிசிப் பானைதான் ஞாபகம் வந்தது. உலை வைக்கும் முன் ஒரு பிடி தனியாகப் போகும். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் பாட்டி கையை நிறையத்தான் அள்ளுவாள், அம்மா முறைத்துக்கொண்டு நிற்பாள்.

மன்ஹாட்டன் பக்கம் போனால் ஒன்பதாவது அவென்யூவில் ஹோலி அப்போஸ்தல்ஸ் கோயிலை ஒரு வார நாளில் மதியம் எட்டிப் பாருங்கள். 1982இலிருந்து சாப்பாடு போடுகிறார்கள். 1990இல் தீப்பிடித்தது. திரும்பக் கட்டியபோது பெஞ்சுகளைப் பழையபடி போடவில்லை, ஆராதனை நடக்கிற இடத்திலேயே சாப்பாட்டு மேஜைகளைப் போட்டார்கள். நான் போன அன்று கண்ணாடி ஜன்னல் வெளிச்சம் ஒருவர் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை, பசி.

உப்பளத்தான்:

அக்கா சொன்னதோடு ஒரு சட்ட விஷயம். நான் பேன்ட்ரிகளுக்குச் சரக்கு அனுப்புகிற ஃபுட் பேங்க்குக்கு லாரி ஓட்டுகிறேன், சனிக்கிழமை மட்டும். உங்கள் பேன்ட்ரிக்கு அரசாங்கச் சரக்கு வருகிறதா என்று முதலில் பாருங்கள் தம்பி. வந்தால், அதை வாங்க வருகிறவரை ஜெபத்திலோ ஆராதனையிலோ கலந்துகொள்ள வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. ஆராதனை தனி நேரத்திலோ தனி இடத்திலோ நடக்கலாம், விருப்பப்பட்டவர் வரலாம். கால் கழுவிவிட்டுப் பையைக் கொடுப்பது மாதிரி வரிசை போட்டால், நீங்கள் அன்பாகச் செய்தாலும், எதிரில் நிற்கிறவருக்கு அது நிபந்தனை மாதிரிதான் தெரியும். அதனால் 5 மணிக்குப் பேன்ட்ரி முடிந்தது என்று தெளிவாக இருக்கட்டும்.

டல்லாஸ்காரன்:

பள்ளிக்கூட லீவு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. மூடச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வாலன்டியர்களும் மனிதர்கள் என்றதை மட்டும் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

பாளைப் பையன்:

அக்கா, அந்தப் பெரியவர் கதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். வெஸ்ட்ரியில் 3 முதல் 5 வரை என்று கேட்கப் போகிறேன். அரசாங்கச் சரக்கு வருகிறது, விசாரித்துவிட்டேன், நன்றி அண்ணே. டயாப்பர் நிதி பற்றி ரெக்டரம்மாவிடம் கேட்டேன், ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று சிரித்தார். இப்போது இன்னொரு வம்பு. சபையார் காலைக் கழுவத் தண்ணீர் ஏற்பாடு செய்யும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஏதாவது பக்குவம் உண்டா?

நாசரேத்து அக்கா:

உண்டு தம்பி. பைப்புத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து 7 மணிக்கே வைத்தால், முறை வருவதற்குள் பனிக்கட்டியாகிவிடும், கால் வைக்கிறவர் கத்துவார். ஆராதனை தொடங்கும் முன் நல்ல சூடான தண்ணீரை ஃபிளாஸ்க்கில் ஊற்றி பீடத்து அறையில் வையுங்கள். பிரசங்கம் முடிகிற நேரத்தில் குடத்துத் தண்ணீரோடு கலந்து, முழங்கையை விட்டுப் பாருங்கள், குழந்தைக்குக் குளிக்க வார்க்கிற பதம். ஆளுக்கு ஒரு துவாலை, பகிரக் கூடாது. தரையில் ரப்பர் மேட் போடுங்கள், பளிங்குத் தரையில் எங்கள் வார்டன் ஒருமுறை சறுக்கினார். எங்கள் ரெக்டர் பிரசங்கம் பதினெட்டு நிமிடம், நான் அதற்குத் தகுந்த சூடு வைப்பேன். உங்கள் ரெக்டரம்மாவுக்கு எவ்வளவு ஆகிறது என்று இந்த ஞாயிறே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.