பத்தாவது முடிச்ச பொண்ணுங்க: எந்த குரூப், என்னென்ன சான்றிதழ்?

மாலை_டியூஷன்:
சென்னை காசிமேடு பக்கம் பத்தாவது எழுதின பொண்ணுங்க சிலருக்கு கணக்கும் சயின்ஸும் நல்லா வருது. இன்ஜினியரிங் ஆசையும் இருக்கு. வீட்லயோ "கிட்டத்துல ஒரு காலேஜ், பி.காம், போதும்"ங்கறாங்க. ஊக்கப் பேச்செல்லாம் கேட்டாச்சு. உருப்படியா என்ன செய்யணும்?

கட்ஆஃப்_கணக்கு:
முதல்ல பதினொண்ணாவது குரூப். கணிதம், இயற்பியல், வேதியியல் மூணும் இருக்கணும். கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ்ல சேர்ந்துட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு பி.இ. கேட்டா கவுன்சலிங்ல பேரே வராது. "கணக்கு எடுத்தா மார்க் குறையும்"னு பள்ளியிலேயே திருப்பி விடுவாங்க, அசையாதீங்க.

கவுன்சலிங்ல ரேங்க் போடறது கட்ஆஃப் மார்க்கை வச்சு, அது 200-க்கு. கணக்கு மார்க் அப்படியே, மத்த ரெண்டும் பாதி. கணக்கு 78, இயற்பியல் 70, வேதியியல் 74-ன்னா 78+35+37=150. கணக்குல ஏறுற ஒரு மார்க் இயற்பியல்ல ஏறுற ரெண்டுக்குச் சமம். டியூஷன் நேரத்தை அப்படியே பிரிச்சுக்கோங்க.

இசேவை_அக்கா:
எந்தப் பள்ளின்னு பாருங்க தம்பி. இன்ஜினியரிங் சீட்ல அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு இருக்கற 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். மாநகராட்சிப் பள்ளி சேரும், அரசு உதவி பெறும் தனியார் பள்ளி சேராது. நம்ம பக்கம் சர்ச் பள்ளிகள் நிறைய உதவி பெறுபவைதான். ப்ளஸ் ஒன்னுக்கு அங்க மாத்தினா அந்தச் சலுகை போச்சு. கிடைச்சா கல்விக் கட்டணம், ஹாஸ்டல் ரெண்டையும் அரசே கட்டும்.

புதுமைப் பெண் திட்டத்துல, அரசுப் பள்ளியில படிச்சுட்டு மேல படிக்கற பொண்ணுங்களுக்கு மாசம் 1000 ரூபாய். உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்சவங்களையும் பிறகு சேர்த்துட்டாங்க. தொழில்நுட்பப் படிப்பு படிக்கற பொண்ணுங்களுக்கு மத்திய அரசோட பிரகதி உதவித்தொகை வருஷம் 50,000. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள, வீட்டுக்கு ரெண்டு பொண்ணு வரைக்கும்.

இந்தப் பணமெல்லாம் வராம நிக்கறது பெரும்பாலும் பேர் ஒத்துப்போகாததால: ஆதார்ல ஒரு இனிஷியல், டி.சி.யில வேற. அப்புறம், வங்கிக் கணக்குல ஆதார் இணைச்சிருக்காது. இப்பவே சரி பண்ணுங்க. குடும்பத்துல முதல்ல டிகிரி படிக்கறவங்களுக்குக் கட்டணச் சலுகை தர்ற முதல் பட்டதாரிச் சான்றிதழும் இசேவையில்தான்; அண்ணன் ஏற்கெனவே அந்தச் சலுகை வாங்கியிருந்தா தங்கைக்கு இல்லை.

மாலை_டியூஷன்:
அக்கா, ரெண்டு பேர் உதவி பெறும் பள்ளிதான். அவங்களுக்கு?

டிப்ளமோ_மெக்:
பாலிடெக்னிக் பாருங்க. தரமணியில தர்மாம்பாள் அரசு மகளிர் பாலிடெக்னிக் இருக்கு. பத்தாவது மார்க் போதும், மூணு வருஷம். அப்புறம் லேட்டரல் என்ட்ரியில நேரா பி.இ. ரெண்டாம் வருஷம், இன்னும் மூணு. ப்ளஸ் டூ வழியா போனாலும் 2+4, அதே ஆறுதான். நடுவுல வீட்ல பணம் முடைன்னா டிப்ளமோவோடயே வேலைக்குப் போகலாம். சறுக்குறது முதல் வருஷக் கணக்குல. அரியர் சேர்ந்தா லேட்டரலுக்கு நேரத்துக்குச் சான்றிதழ் கையில இருக்காது. லீவுலயே முக்கோணவியல், இயற்கணிதம் போட வைங்க.

கட்ஆஃப்_கணக்கு:
"கிட்டத்துலதான்"னு பிடிவாதமா நிக்கற வீட்டுக்கு: பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில பி.எஸ்சி. கணிதமோ இயற்பியலோ சேர்த்துட்டு, கூடவே ஐஐடி மெட்ராஸோட ஆன்லைன் பி.எஸ். பட்டம் (டேட்டா சயின்ஸ் மாதிரி). ஜேஇஇ வேண்டாம். நாலு வாரப் பாடம், அப்புறம் தகுதித் தேர்வு. பாடம் ஆன்லைன், பரீட்சை மட்டும் மையத்துக்கு நேர்ல போகணும். எல்லாம் இங்கிலீஷ்ல, அதான் இடிக்கும்.

தூரம்தான் பயம்னா அம்மாவை ஒரு நாள் விம்கோ நகர்ல மெட்ரோ ஏத்தி, வண்டி மாறாம, அண்ணா யுனிவர்சிட்டி இருக்கற கிண்டி வரைக்கும் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க. அப்பாக்கிட்ட அவங்களே பேசிக்குவாங்க.