விறகு கேஸ் அடுப்பு: ஒரே புகை, அவசர உதவி

மலையேறி77:
சனிக்கிழமை கேம்ப் கிளம்பணும். ரெண்டு டின் ஒண்ணுக்குள்ள ஒண்ணா வச்சு, விறகு விடுற வாயுவை எரிக்கிற விறகு கேஸ் அடுப்பு செஞ்சேன். வீடியோல வர்ற மாதிரி மேல் ஓட்டைல நீலமா தீ வரவே இல்ல. புகைதான், பாத்திரம் பூரா கரி. என்ன தப்பு?

சவுக்குத்தோப்பு:
டின் அளவு? ஓட்டை எத்தனை, என்ன சைஸ்? எங்கேருந்து பத்த வச்சீங்க? இதெல்லாம் சொல்லாம எப்படி தம்பி?

தணல்:
ஈர விறகுதான் ப்ரோ. சவுக்கை விரல் தடிமனுக்கு நறுக்கி நல்லா காய வைங்க. கொட்டாங்குச்சி உடைச்சுப் போட்டா தீ இன்னும் நல்லா நின்னு எரியும்.

பழையகொல்லர்:
மறுபடியும் அதே கேள்வி. தேடிப் பாக்குற பழக்கமே போச்சு. அமெரிக்க ஆராய்ச்சியாளர் தாமஸ் ரீட் 1985ல இந்த அடுப்புல இறங்கின காலத்துலேருந்து அடிப்படை ஒண்ணுதான்: மேலேருந்து பத்த வைக்கணும். அந்தச் சூட்டுல கீழ இருக்கற அடுத்த விறகு அடுக்கு வெந்து வாயு விடும். ரெண்டு டின்னுக்கு நடுவுல சூடாகி ஏறுற காத்து மேல் ஓட்டை வழியா வந்து அதை எரிக்கும். நீலமா வராது, மஞ்சளாத்தான் வரும்.

மலையேறி77:
வெளி டின் விட்டம் 13 செ.மீ., உள் டின் 10. உள் டின் அடியில 6 மி.மீ. ஓட்டை 40, மேல 4 மி.மீ. ஓட்டை 8. கீழ பேப்பர் வச்சுப் பத்த வச்சேன். விறகு வாய் வரைக்கும்.

சவுக்குத்தோப்பு:
இத முதல்லயே சொல்லியிருக்கலாம். அடி ஓட்டை மொத்தம் 1,130 சதுர மி.மீ., மேல வெறும் 100. வாயு குபுகுபுன்னு வருது, எரிக்கக் காத்து இல்ல. அதான் புகை. அடியில ஒரு தகர வட்டம் போட்டு 11 ஓட்டை மட்டும் திறந்து விடுங்க. மேல 6 மி.மீ.ல 16 ஆக்குங்க. வெளி டின் அடிப்பக்கம் சுத்தி 10 மி.மீ. ஓட்டை 12 வேணும். ரெண்டு டின்னும் மேல சேர்ற விளிம்புல சந்து இருந்தா சூடான காத்து அப்படியே வெளிய போயிடும். விறகு மேல் ஓட்டைக்கு ரெண்டு விரல் கீழயே நிக்கணும். பாத்திரத்தை டின் வாயில நேரா வைக்காதீங்க, 3 செ.மீ. உயரத்துக்குக் கால் வேணும்.

தணல்:
அப்பவும் ஈர விறகுன்னா புகைதான் வரும், எழுதி வச்சுக்கங்க.

கரித்துண்டு:
வெளி டின் ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) தகரமா? துத்தநாகம் 420 டிகிரிலயே உருகும். இன்னும் சூடானா வர்ற துத்தநாகப் புகைய இழுத்தா காய்ச்சல் வரும்.

பழையகொல்லர்:
வெளிச் சுவர் அவ்வளவு சூடாகாது. நடுவுல ஓடுற காத்து எதுக்கு இருக்கு?

கரித்துண்டு:
சுவர் ஆகாது சார். ரெண்டும் சேர்ற மேல் வளையம்? அது தீக்குப் பக்கத்துலயே இருக்கு.

பழையகொல்லர்:
வளையத்தை யாரு ஜிஐல வெட்டச் சொன்னா? உள் டின்னே எவர்சில்வர் டப்பாவா இருக்கணும். பால்பவுடர் டின் தகடு மெல்லிசு, சீக்கிரம் ஓட்டையாயிடும்.

சவுக்குத்தோப்பு:
தம்பி, தீ அடங்கினதும் கரி கனன்றுட்டே இருக்கும். அதுலதான் கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு வரும். டென்ட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க. தண்ணி ஊத்தி அணைச்சுடுங்க.

மலையேறி77:
மேலேருந்து பத்த வச்சேன், புகை போச்சு. மேல் ஓட்டைய இன்னும் பெருசாக்கல. நன்றி அண்ணே.

கரித்துண்டு:
வளையம் என்ன தகரம்னு சொல்லிட்டுப் போங்க.